வேகமும் வெப்பமும்

இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள், கணினியின் செயலியை அதற்குக் குறிக்கப்பட்ட வேகத்திற்கு மேல் ஓட்டுவது பற்றியது. ஓவர்கிளாக்கிங் என்னும் பெயரால் இதனை உங்களுள் பலர் அறிந்திருப்பீர்கள். கணினி விளையாட்டில் நாட்டமுடைய இளைஞர்களிடையே இச்சொல் மிகுதியாக வழங்குகிறது. இதில் ஓய்வு பெற்ற பள்ளித் தலைமையாசிரியர் ஒருவருக்கு என்ன வேலை என்று நீங்கள் வியக்கலாம். நான் பல ஆண்டுகள் பௌதிகமும் கணிதமும் கற்பித்தவன். மின்சாரம், வெப்பம், விகிதம், வர்க்கம் ஆகிய பாடங்கள் அனைத்தும் ஒரே மேசையின்மேல் வந்து கூடுவதை இந்த ஒரு செயலில் காணலாம். இதனை முறையாகச் செய்பவனுக்கு அளந்து பார்க்கும் நல்ல பழக்கம் ஒன்று அமைகிறது. முறையின்றிச் செய்பவனிடம் இயந்திரம் பொய் சொல்லத் தொடங்குகிறது. அந்தப் பொய் எத்தகையது என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. ஆகவே உங்களுக்கு நன்கு தெரிந்த பள்ளிக்கூட மணியிலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு வகுப்பில் ஆசிரியர் கணக்கு ஒன்றைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்திற்கு ஒரு முறை மணி அடிக்கிறது. மணி அடித்ததும் எல்லோருடைய தாள்களையும் வாங்கி அடுத்த வகுப்பிற்கு அனுப்புகிறார். அங்குள்ளவர்கள் அந்த விடையை வைத்துக்கொண்டு தம் கணக்கைத் தொடங்குகிறார்கள். வகுப்பில் மிக மெதுவாக எழுதும் மாணவனும் எட்டு நிமிடத்தில் முடித்து விடுகிறான். எஞ்சிய இரண்டு நிமிடம் ஒரு பாதுகாப்பு. இப்பொழுது மணியை ஒன்பது நிமிடத்திற்கு ஒரு முறை அடித்தால் கேடு ஒன்றுமில்லை. பள்ளியின் வேலை விரைந்து நடக்கும். ஏழு நிமிடத்திற்கு ஒரு முறை அடித்தால் என்ன ஆகும்? மெதுவாக எழுதுபவனுடைய தாளில் பாதி விடைதான் இருக்கும். ஆனால் ஆசிரியரோ தாளைப் பார்ப்பதில்லை; வாங்கி அனுப்புவது மட்டுமே அவர் தொழில். பாதி விடை முழு விடையாகவே அடுத்த வகுப்பிற்குப் போய்ச் சேரும்.

செயலியின் உள்ளே நடப்பதும் இதுவே. அங்கே அடிக்கும் மணி ஒரு மின்துடிப்பு. 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியில் அது நொடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம் முறை அடித்தது, அதாவது 4.77 மெகாஹெர்ட்ஸ். இன்றைய செயலி ஒன்றில் நொடிக்கு 400 கோடி முறை அடிப்பது இயல்பு. அதனை 4 கிகாஹெர்ட்ஸ் என்கிறோம். அப்படியானால் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே உள்ள காலம், நொடியை 400 கோடி கூறாக்கிய ஒரு கூறு. அந்த நேரத்தில் ஒளி செல்லும் தூரம் வெறும் ஏழரைச் சென்டிமீட்டர். அதற்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் தத்தம் கணக்கை முடித்தாக வேண்டும். இந்த மணியை இன்னும் விரைவாக அடிப்பதே ஓவர்கிளாக்கிங்.

நான் சொன்ன அந்த இரண்டு நிமிடப் பாதுகாப்பு செயலியில் எங்கிருந்து வருகிறது? ஒரே சிலிக்கன் தட்டிலிருந்து வெட்டி எடுக்கும் சில்லுகள் எல்லாம் ஒரே திறமுடையவையாக இருப்பதில்லை. ஒரு வகுப்பு மாணவர் எல்லோரும் ஒரே விரைவில் எழுதுவதில்லை அல்லவா? உற்பத்தியாளர் அவற்றைச் சோதித்துத் தரம் பிரிக்கிறார். வெயில் மிகுந்த ஊரில், சிறிய விசிறியோடு, பல ஆண்டுகள் ஓடினாலும் தவறாமல் இயங்கக்கூடிய வேகத்தையே அதன்மேல் குறிக்கிறார். ஆதலால் பெரும்பாலான சில்லுகளில் குறித்த வேகத்திற்கு மேலும் சிறிது இடம் இருக்கிறது.

சில வேளைகளில் அந்த இடம் வியக்கத்தக்க அளவு இருந்ததுண்டு. 1998ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்னும் மலிவான செயலியை வெளியிட்டது. தாய்ப்பலகையின் 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை நான்கரையால் பெருக்கி அது 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. தாய்ப்பலகையின் துடிப்பை 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால் அதே செயலி 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. கூடுதல் விலை ஏதுமின்றி நூற்றுக்கு ஐம்பது பங்கு வேகம் கிடைத்ததால், உலகெங்கும் மாணவர்கள் அதனைத் தேடி வாங்கினார்கள். இந்தக் கலைக்குப் பெரும் புகழ் வந்தது அக்காலத்தில்தான்.

நிற்க. வேகம் இனாமாகக் கிடைக்கிறதா என்று பார்ப்போம்.

டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் ஒரு மிகச் சிறிய மின் பாத்திரத்தை நிரப்பியும் காலி செய்தும் வேலை செய்கிறது. ஒவ்வொரு முறை நிரப்பிக் காலி செய்யும்போதும் சிறிது சக்தி வெப்பமாக மாறுகிறது. நொடிக்கு எத்தனை முறை இது நடக்கிறதோ அத்தனை மடங்கு வெப்பம். ஆகவே வேகத்தை இரட்டித்தால் வெப்பமும் இரட்டிக்கும். இது நேர்விகிதம், எளிது.

ஆனால் இதோடு முடிவதில்லை. மணியை விரைவாக அடிக்க வேண்டுமானால் மாணவர்களும் விரைவாக எழுத வேண்டும். அதற்காகச் செயலிக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை உயர்த்துகிறார்கள். கிணற்றிலிருந்து நீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நீரின் அளவும் கூடி, அதனைத் தூக்க வேண்டிய உயரமும் கூடினால், இறைப்பவன் உழைப்பு இரு வழியிலும் பெருகும். மின்னழுத்தம் உயர்ந்தால் நடப்பதும் அதுவே. பாத்திரத்தில் நிரப்ப வேண்டிய மின்னூட்டமும் கூடுகிறது. அதனை ஏற்ற வேண்டிய உயரமும் கூடுகிறது. எனவே வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்திற்கு நேர்விகிதம், மின்னழுத்தத்திற்கு வர்க்க விகிதம் என்னும் இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் இன்றைய பேச்சில் பாதியை எழுதிக்கொண்டதாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செயலி 4 கிகாஹெர்ட்ஸில், 1.20 வோல்ட்டில் ஓடி, 90 வாட் வெப்பம் தருகிறது. அதனை 4.6 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்த 1.35 வோல்ட் தேவைப்படுகிறது என்க. வேகம் 1.15 மடங்கு. மின்னழுத்தம் 1.125 மடங்கு, அதன் வர்க்கம் ஏறக்குறைய 1.27. இரண்டையும் பெருக்கினால் 1.46 வருகிறது. நூற்றுக்கு 15 பங்கு வேகம் வாங்க, நூற்றுக்கு 46 பங்கு கூடுதல் வெப்பத்தை விலையாகக் கொடுக்கிறோம். 90 வாட் என்பது 131 வாட் ஆகிறது. இதுவும் குறைந்த மதிப்பீடுதான். சில்லு சூடேறச் சூடேற, வேலை செய்யாத டிரான்சிஸ்டர்கள் வழியாகவும் மின்சாரம் கசிகிறது. அந்தக் கசிவு மேலும் சூட்டை உண்டாக்குகிறது.

131 வாட் என்பது பெரிதா? வீட்டிலுள்ள இஸ்திரிப் பெட்டி 1000 வாட் கொள்ளுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும். ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். 2004ஆம் ஆண்டில் வெளிவந்த பென்டியம் 4 செயலிகளுள் மிக விரைவானது 3.8 கிகாஹெர்ட்ஸ் வேகமுடையது. அதற்குக் குறித்த வெப்ப அளவு 115 வாட். அதன் சில்லோ 112 சதுர மில்லிமீட்டர். நம் கட்டைவிரல் நகத்தின் அளவு. கணக்கிட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட்டுக்கு மேல் வருகிறது. துணியைக் கருக்கும் இஸ்திரிப் பெட்டியைப் போல் இருபது மடங்கு நெருக்கமான வெப்பம் அந்தச் சிறு பரப்பிலிருந்து ஓயாது வெளியேறியாக வேண்டும்.

இந்தச் சுவரில் முட்டிக்கொண்டவர்கள் மாணவர்கள் மட்டுமல்லர், உற்பத்தியாளர்களும் முட்டிக்கொண்டார்கள். ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய துணைவர்களும் 1974ஆம் ஆண்டில் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார்கள். டிரான்சிஸ்டரைச் சிறியதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொண்டே போனால், வேகம் கூடியும் பரப்பளவுக்கு உரிய வெப்பம் கூடாது என்பதே அது. முப்பது ஆண்டுகள் உலகம் இந்த விதியின் நிழலில் வளர்ந்தது. பிறகு மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலாத நிலை வந்தது. 2004ஆம் ஆண்டு அக்டோபரில், 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வெளியிடும் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. 2005ஆம் ஆண்டு முதல், ஒரு சில்லினுள் இரண்டு, நான்கு என்று பல செயலகங்களை அமைக்கும் வழிக்கு இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களும் திரும்பின. ஒருவனை மேலும் மேலும் விரட்டுவதைவிட, இருவருக்கு வேலையைப் பகிர்ந்து கொடுப்பது நன்று என்பதை வெப்பமே அவர்களுக்குக் கற்பித்தது.

இனி, வெப்பத்தை எவ்வாறு வெளியேற்றுவது என்பதைக் காண்போம். சில்லிலிருந்து அறைக் காற்றுவரை வெப்பம் ஒரு நீண்ட வழி நடக்கிறது. முதலில் சில்லின்மேல் உள்ள உலோக மூடி, அதன்மேல் தெர்மல் பேஸ்ட் எனப்படும் பசை, பிறகு செம்பு அல்லது அலுமினியத்தால் ஆன, பல தகடுகளையுடைய ஹீட் சிங்க், அதன்மேல் விசிறி, பிறகு பெட்டியினின்று வெளியேறும் காற்று. இந்த வழியில் எங்கே ஓரிடத்தில் அடைப்பு இருந்தாலும் வெப்பம் பின்னுக்குத் தேங்கும். பசை எதற்காக? கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றும் இரு உலோகப் பரப்புகளுக்கு இடையே எண்ணற்ற சிறு பள்ளங்கள் உண்டு. அவற்றில் காற்று நிற்கும். செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறனோடு ஒப்பிட்டால், காற்றின் திறன் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்தக் காற்றை விலக்கவே பசை. ஆகவே பசையை மெல்லியதாக இடவேண்டும்; தோசைக்கு வெண்ணெய் போல் அள்ளி வைத்தால் பசையே ஒரு தடையாகிவிடும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் தகடுகளுக்கிடையே படிந்த தூசியைத் துடைக்க வேண்டும். விலையுயர்ந்த புதிய குளிர்விப்பான் வாங்க எண்ணுபவர்கள், முதலில் ஒரு தூரிகையை எடுத்துப் பழையதைச் சுத்தம் செய்து பார்ப்பது நல்லது.

தண்ணீர் கொண்டு குளிர்விக்கும் முறையும் உண்டு. சாதனை படைக்க விரும்புபவர்கள் இதையும் தாண்டிச் செல்கிறார்கள். 2011ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் எப்.எக்ஸ். 8150 என்னும் செயலியை, சுழிக்குக் கீழ் 269 டிகிரியில் கொதிக்கும் திரவ ஹீலியத்தால் குளிர்வித்து, 8.4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டு சென்றார்கள். அது நூறு கெஜ ஓட்டப் பந்தயம் போன்றது. ஓடி முடித்ததும் நின்றுவிடலாம். நாள்தோறும் வேலை செய்யும் கணினிக்கு அது வழிகாட்டி ஆகாது.

நம்மைப் போன்றோர் கணினியைக் குளிர்விப்பது அறைக் காற்றைக் கொண்டுதான். விசிறியானாலும் தண்ணீரானாலும், அறையைவிடக் குளிர்ச்சியாகச் செயலியை அவை ஆக்க மாட்டா. அறையின் வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரி என்பதே கணக்கு. நம் நாட்டு மாணவர்கள் இதனைச் சிறப்பாக நினைவில் வைக்க வேண்டும். முன் சொன்ன செயலியின் குளிர்விப்பு ஏற்பாடு, ஒரு வாட்டுக்கு 0.4 டிகிரி வீதம் வெப்பநிலையை உயரவிடுகிறது என்று கொள்வோம். 131 வாட்டுக்கு 52 டிகிரி உயரும். 22 டிகிரி உள்ள குளிர்நாட்டு அறையில் செயலி 74 டிகிரியில் நிற்கும், கவலையில்லை. சித்திரை வைகாசியில் 38 டிகிரி உள்ள நம் வீட்டு அறையில் அதே செயலி, அதே அமைப்பில், 90 டிகிரியைத் தொடும். வேறு நாட்டவர் ஒருவர் தம் கணினிக்கு எழுதிவைத்த எண்களை நாம் அப்படியே எடுத்துக்கொள்வது, அவர் அணியும் கம்பளிச் சட்டையை நாம் இங்கே அணிந்துகொள்வது போலாகும்.

90 டிகிரி ஆனால் செயலி எரிந்து போகுமோ என்று அஞ்சவேண்டாம். ஒரு காலத்தில் அந்த அச்சம் உண்மையாக இருந்தது. 2001ஆம் ஆண்டில் டாம்ஸ் ஹார்ட்வேர் என்னும் கணினி இதழினர் ஒரு சோதனை செய்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் மேலிருந்த ஹீட் சிங்கை எடுத்துவிட்டார்கள். அக்காலத்து ஏ.எம்.டி. ஆத்லான் செயலி ஒன்று சில நொடிகளில் கருகிப் போயிற்று. பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு உயிர் தப்பியது. இன்றைய செயலிகள் எல்லாவற்றிலும் அத்தகைய காவல் உண்டு. பெரும்பாலும் 95 அல்லது 100 டிகிரியை எட்டியதும், அவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குளிர்விப்பைக் கவனியாமல் வேகத்தை மட்டும் உயர்த்தியவன், திரையில் பெரிய எண்ணைப் பார்த்து மகிழ்கிறான். சிறிது நேரத்தில் செயலி சூடேறி, பழைய வேகத்திற்கே, சில வேளை அதற்கும் கீழே இறங்கிவிடுகிறது. மின்கட்டணம் மட்டும் உயர்கிறது.

எரிந்து போவது பெரிய ஆபத்து அன்று என்றால், எதுதான் ஆபத்து? தொடக்கத்தில் ஒரு பொய்யைப் பற்றிக் குறிப்பிட்டேனே, அதுதான்.

என் பழைய மாணவர் ஒருவரின் மகன் கட்டடப் பொறியியல் மூன்றாம் ஆண்டு பயில்கிறான். தந்தை தவணை முறையில் பணம் கட்டி அவனுக்கு ஒரு கணினி வாங்கித் தந்திருந்தார். கோடை விடுமுறையில் ஒரு நாள் அவன் சோர்ந்த முகத்தோடு என் வீட்டிற்கு வந்தான். சிறிய நடைபாலம் ஒன்றின் உத்தரம் சுமையால் எவ்வளவு வளையும் என்று கணக்கிடுவது அவனுடைய ஆய்வுப் பணி. "ஐயா, காலையில் ஓட்டினால் ஒரு விடை வருகிறது, பிற்பகலில் ஓட்டினால் வேறொரு விடை வருகிறது. நிரலில் எங்கே பிழை என்று நான்கு நாளாகத் தேடுகிறேன், அகப்படவில்லை" என்றான். நிரலும் அதேதான், கொடுத்த எண்களும் அவையேதான். "தம்பி, கணினியில் எதையாவது மாற்றினாயா?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, "வேகத்தை 4.6 கிகாஹெர்ட்ஸ் ஆக்கியிருக்கிறேன், ஐயா. அது நன்றாகத்தான் ஓடுகிறது, ஒரு முறைகூட நின்று போகவில்லை" என்றான். பழைய வேகத்திற்கே மாற்றி, நான்கு முறை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் வந்தான். நான்கு முறையும் ஒரே விடை.

எண்ணிப் பாருங்கள். அவன் கணினி நின்றிருந்தால் நன்மையாக இருந்திருக்கும். திரை அணைந்திருந்தால் எச்சரிக்கையாக இருந்திருக்கும். இரண்டும் நிகழவில்லை. பிற்பகலின் புழுக்கத்தில், எங்கோ ஒரு மூலையில், ஒரு மாணவன் கணக்கை முடிக்குமுன் மணி அடித்துவிட்டது. பாதி விடை முழு விடையாக நடந்து போயிற்று. அந்த எண்ணை நம்பி அவன் அறிக்கை எழுதியிருந்தால் என்ன ஆகும்? அது மாணவன் செய்யும் பயிற்சி. நாளை அவனே உண்மையான பாலத்திற்குக் கணக்குப் போடுவான். 15 பங்கு வேகத்தால் அவனுக்குக் கிடைத்த ஆதாயம் எவ்வளவு என்றும் கேட்டேன். எட்டு நிமிடக் கணக்கு ஏழு நிமிடத்தில் முடிந்ததாம். ஓட்டத்திற்கு ஒரு நிமிடம் மிச்சம் பிடித்து, நான்கு நாளை இழந்தான்.

இத்தகைய பிழைகளை நன்கு அறிந்தவர்கள் கணித அன்பர்கள். மெர்சேன் பகா எண்களைத் தேடும் பெருமுயற்சி ஒன்று 1996ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை அதற்கு ஈடுபடுத்துகிறார்கள். கணினி வன்பொருளும் பிழை செய்யும் என்பதனால், ஒரு கணினி தந்த விடையை வேறொரு கணினி கொண்டு சரிபார்ப்பதை அவர்கள் பல ஆண்டுகள் விதியாகவே வைத்திருந்தார்கள். அவர்களுடைய பிரைம்95 என்னும் மென்பொருளில் ஒரு சோதனை இருக்கிறது. விடை முன்பே தெரிந்த கடுங்கணக்குகளைச் செயலிக்குக் கொடுத்து, வரும் விடையைத் தெரிந்த விடையோடு அது ஒப்பிடுகிறது. ஓவர்கிளாக்கிங் செய்வோர் அதையே உரைகல்லாகக் கொள்கிறார்கள். 2011ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள், 10 லட்சம் வீட்டுக் கணினிகளின் வன்பொருள் பழுதுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேகம் உயர்த்திய கணினிகள் மிகுதியாகப் பழுதுற்றன என்றும், குறித்த வேகத்திற்குச் சற்றுக் கீழே ஓடியவை குறைவாகப் பழுதுற்றன என்றும் அவர்கள் கண்டார்கள்.

அப்படியானால் இதனைச் செய்யவே கூடாதா? அவ்வாறு நான் சொல்லவில்லை. ஆசையை அடக்கு என்று மட்டும் சொல்லி நிறுத்துவது ஆசிரியர்க்கு அழகன்று. வழியும் காட்ட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் செய்முறைப் பயிற்சி செய்வது போலச் செய்யுங்கள்.

முதலாவது, உங்கள் செயலியும் தாய்ப்பலகையும் இதற்கு இடம் தருகின்றனவா என்று பாருங்கள். எல்லாச் செயலிகளும் இடம் தருவதில்லை. உத்தரவாதம் என்ன ஆகும் என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். தந்தையார் வாங்கித் தந்த கணினியாயின், அவருக்கும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டாவது, ஒன்றையும் மாற்றுவதற்கு முன் ஒரு குறிப்பேட்டில் அறை வெப்பநிலை, வேகம், மின்னழுத்தம், அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிய பிறகு செயலியின் வெப்பநிலை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடங்கிய இடம் தெரியாதவனுக்கு எவ்வளவு தூரம் வந்தோம் என்பதும் தெரியாது.

மூன்றாவது, முதலில் குளிர்விப்பைச் சீர் செய்யுங்கள். பிறகு வேகத்தைத் தொடுங்கள். வடிகால் வெட்டாத வயலுக்கு மடையைத் திறக்கலாமா?

நான்காவது, ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் உயர்த்துங்கள், மின்னழுத்தத்தைத் தொடாதீர்கள், சோதியுங்கள், எழுதுங்கள். பிறகு அடுத்த 100. சோதனையில் ஒரே ஒரு பிழை தோன்றினாலும் அது பிழைதான். அப்போது ஒரு படி இறங்குங்கள். அல்லது மின்னழுத்தத்தை மிகச் சிறிதளவு உயர்த்தி மீண்டும் சோதியுங்கள்.

ஐந்தாவது, மேல் எல்லையை முன்னதாகவே முடிவு செய்யுங்கள். ஆண்டின் மிக வெப்பமான நாளின் பிற்பகலிலும், முழுச் சுமையில், 85 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று எழுதி வையுங்கள். மார்கழியில் தேறிய கணினியை வைகாசியில் மறுபடியும் தேர்வு எழுத வையுங்கள்.

மின்னழுத்தத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மிகை மின்னழுத்தமும் மிகை வெப்பமும் சேர்ந்து செயலியை முதுமையடையச் செய்கின்றன. தலைமயிரினும் மிக நுண்ணிய கம்பிகளில் ஓடும் மின்சாரம், வெள்ளம் கரையை அரிப்பது போல உலோக அணுக்களையே சிறிது சிறிதாக நகர்த்துகிறது. சேதம் ஒரே நாளில் தெரிவதில்லை. 2024ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சில நிலைகுலைந்து பிழை செய்தன. செயலி அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றதே காரணம் என்று அந்நிறுவனமே அறிவித்து, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. தொழிற்சாலையில் வல்லுநர் குறித்த அளவே சற்று மீறினால் இப்படியென்றால், நாம் வீட்டில் மீறுவதற்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய செயலிகள் வெப்பநிலைக்கும் சுமைக்கும் ஏற்பத் தம் வேகத்தைத் தாமே உயர்த்திக்கொள்கின்றன. உற்பத்தியாளர் விட்டுவைத்த இடத்தின் பெரும்பகுதியை அவையே பயன்படுத்திவிடுகின்றன. செலரான் காலத்து ஐம்பது பங்கு ஆதாயத்தை இன்று எதிர்பார்க்க இயலாது. ஆகவே அதே கணக்கை எதிர்த்திசையில் போட்டுப் பாருங்கள். முன் சொன்ன செயலியை 4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 3.8க்கு இறக்கி, மின்னழுத்தத்தை 1.20இலிருந்து 1.10 வோல்ட்டாகக் குறைத்தால், வேகத்தில் நூற்றுக்கு 5 பங்கு குறைகிறது. வெப்பத்தில் 20 பங்கு குறைகிறது. 90 வாட் 72 வாட் ஆகிறது. 38 டிகிரி அறையிலும் செயலி 67 டிகிரியில் அமைதியாக ஓடும். விசிறியின் இரைச்சலும் அடங்கும். கோடை மிகுந்த நம் ஊருக்கு இந்த வழி பெரிதும் ஏற்றது. சில மடிக்கணினிகளில் இந்த அமைப்பு பூட்டப்பட்டிருக்கும். திறந்திருக்கும் இடத்தில் இதனையும் படிப்படியாகவே செய்து சோதிக்க வேண்டும். மின்னழுத்தம் குறைந்தாலும் கணக்கு முடியுமுன் மணி அடித்துவிடக் கூடும் அல்லவா?

மாணவ நண்பர்களே, கணினி விரைவாக ஓட வேண்டும் என்று விரும்புவதில் குற்றமில்லை. மனிதன் எல்லாக் கருவிகளையும் அப்படி விரும்பியே வளர்த்திருக்கிறான். ஆனால் விரைந்து வந்த விடை சரியான விடைதானா என்று கேட்கும் பொறுப்பை எந்த இயந்திரமும் ஏற்றுக்கொள்வதில்லை. அது நம்மிடமே இருக்கிறது. உங்களுள் யாரேனும் இன்று மாலை கணினியின் அமைப்புகளைத் திறப்பதாயின், அதற்கு முன் ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் அருகில் எடுத்து வைத்துக்கொண்டு, முதல் வரியாக அறையின் வெப்பநிலையை எழுதுங்கள்.